முள் குத்தினால் கால் ஏன் முந்திக்கொள்கிறது? நரம்பு மண்டலம் பற்றி எளிமையாக

வரப்பில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு நெருஞ்சி முள் புதிதல்ல. குத்திய மாத்திரத்தில் கால் தானாக மேலே வந்துவிடும். சுருக்கென்று வலிப்பது அதற்கப்புறம். அந்தச் சுருக்கு அடங்கும் நேரத்தில், மெதுவாகக் கடுகடுத்துக்கொண்டு இன்னொரு வலி வந்து சேரும். அடுத்தமுறை குத்தினால் கவனித்துப் பாருங்கள், வரிசை மாறாது. வலித்ததால் காலை எடுத்தோம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கால் எழும்பிய பிறகுதான் வலியே நமக்குத் தெரியவருகிறது.

இந்த ஒரு முள்ளைப் பிடித்துக்கொண்டு போனால் நரம்பு மண்டலத்தில் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம்.

முதலில் பெரிய படத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டை ஓட்டுக்குள் மூளை, எடை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. அதன் அடியிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குவது தண்டுவடம். சுண்டுவிரல் கனம்தான், நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி கபால நரம்புகள், தண்டுவடத்திலிருந்து இரு பக்கமும் கிளம்பும் 31 ஜோடி தண்டுவட நரம்புகள், இவற்றின் கிளைகள் எல்லாம் புற நரம்பு மண்டலம். மைய மண்டலத்துக்கு எலும்புக் கூடு, அதற்குள் மூன்று உறைகள், உறைகளுக்கு நடுவே திரவம் என்று காவல் பலமாக இருக்கிறது. புற நரம்புகளுக்கு அந்த வசதி இல்லை. முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அங்கே ஒரு நரம்பு தோலுக்கு அடியில் எலும்பை ஒட்டியே போவதுதான் காரணம்.

புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நாம் எல்லோரும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது சிரை, இரத்தக்குழாய். குளுக்கோஸ் ஏற்றுவதும் அதில்தான். நிஜமான நரம்பு வெள்ளையாக, நார் நாராக, ஆழத்தில் இருக்கும். அதற்குள் குழாய் கிடையாது, எதுவும் ஓடுவதும் கிடையாது. அப்படியானால் செய்தி எப்படிப் போகிறது?

ஒரு மீட்டர் நீளச் செல்

நரம்பைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஆயிரக்கணக்கான இழைகள் தெரியும். ஒவ்வோர் இழையும் ஒரு நரம்புச் செல்லின், அதாவது நியூரானின், நீண்ட கை. அதற்கு ஆக்சான் என்று பெயர். பாடப்புத்தகப் படத்தில் நியூரானுக்கு ஓர் உடல், அதைச் சுற்றிக் கிளை கிளையாக டென்ட்ரைட்டுகள், ஒரு பக்கம் நீளும் ஆக்சான் என்று போட்டிருப்பார்கள். டென்ட்ரைட்டுகள் வாங்கும், ஆக்சான் அனுப்பும். மூளையில் மட்டும் இப்படிச் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன.

படத்தில் தெரியாதது அளவு. கால் பெருவிரலில் முள்ளை உணரும் நியூரானின் உடல், இடுப்புக்குப் பின்னால் தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல்நுனி வரை ஒரே செல்லின் இழை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர்! கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு, ஆனால் ஒரு கைத்தடி நீளம்.

இவ்வளவு நீளத்தைப் பராமரிப்பது செல்லுக்கு லேசான வேலையில்லை. அதனால்தான் சர்க்கரை நோயில் பெரும்பாலும் பாதத்தின் நரம்புகள் முதலில் பழுதாகின்றன. உள்ளங்கால் எரியும், அப்புறம் மரத்துப்போகும். டாக்டர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, "தெரியுதா தாத்தா?" என்று கேட்பது இதைச் சோதிக்கத்தான். தெரியவில்லை என்றால், முள் ஏறினாலும் தெரியாது; புண் பெரிதாகிச் சீழ் வைத்த பிறகுதான் வீட்டில் யாராவது பார்த்துச் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வயலுக்குச் செருப்போடு போவதும், ராத்திரி படுக்குமுன் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்ப்பதும் மாத்திரை அளவுக்கு முக்கியம்.

எதுவும் ஓடாமல் செய்தி ஓடுவது எப்படி

நீளமாகத் திரித்த வைக்கோல் பிரி ஒன்றைத் தரையில் நீட்டிப் போட்டு ஒரு முனையில் தீ வைத்தால், நெருப்பு மறுமுனைக்குப் போகும். வைக்கோல் ஒரு துரும்புகூட இடம் மாறுவதில்லை. ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியைப் பற்ற வைக்கிறது, அவ்வளவுதான். எரிந்து முடிந்த பகுதி மறுபடி பற்றாது என்பதால் நெருப்பு முன்னால்தான் போகும், திரும்பி வராது. ஆக்சானில் செய்தி போவதும் இதே விதத்தில்தான். ஒரு வித்தியாசம்: எரிந்த இடம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் மறுபடி பற்றத் தயாராகிவிடும்.

இங்கே நெருப்பு என்பது மின்னழுத்த மாற்றம். சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் இருக்கும். செல்சவ்வில் உள்ள பம்புகள் ஓயாமல் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதுதான் இதற்கு அடிப்படை. முள் குத்திய இடத்தில் சில வாசல்கள் திறக்கின்றன. வெளியே குவிந்திருந்த சோடியம் உள்ளே பாய்கிறது. உட்புறம் ஒரு கணம் நேர்மின்னாக மாறுகிறது. அந்த மாற்றமே பக்கத்து வாசலைத் திறக்கிறது, அது அடுத்ததை. பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் இருக்கும் மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்றால், அந்தப் பம்புகளை ஓட்டும் செலவு அதில் பெரும்பங்கு.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஊசிக்கணவாய். நாகப்பட்டினம் மீன் ஏலத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த வகைதான். அதன் உடலில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனான ராட்சத ஆக்சான் ஒன்று உண்டு. மனித ஆக்சானுக்குள் அன்றைக்கு எந்தக் கம்பியையும் நுழைக்க முடியாது, இதில் முடியும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அப்படி அளந்து, 1952-இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மின்துடிப்பில் பெரியது சிறியது கிடையாது. வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் வராது. லேசாகக் குத்தினால் நொடிக்குச் சில துடிப்புகள், ஆழமாகக் குத்தினால் நிறைய; வேறுபாடு எண்ணிக்கையில்தான். அதைவிட ஆச்சரியம், கண்ணிலிருந்து வரும் துடிப்பும் காதிலிருந்து வரும் துடிப்பும் காலிலிருந்து வரும் துடிப்பும் ஒரே ஜாதி. எந்த வழியில் வந்து மூளையின் எந்த இடத்தைச் சேர்கிறதோ, அதை வைத்துத்தான் வெளிச்சம், ஓசை, வலி. சந்தேகமாக இருந்தால் கண்ணை மூடி, இமையின் வெளி ஓரத்தில் மிக மெதுவாக விரலால் அழுத்துங்கள். மறுபக்கம் ஒரு வட்டம் மங்கலாகத் தெரியும். அழுத்தியது விரல், ஆனாலும் பார்வை நரம்பு வழியாகப் போனதால் மூளை அதை வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்கிறது.

சரி, வேகம் எவ்வளவு? 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளை நரம்பில் அளந்தார். நொடிக்கு 30 மீட்டருக்கு அருகில் வந்தது. அதுவரை அளக்கவே முடியாத வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். நம் உடலில் எல்லா ஆக்சானும் ஒரே வேகமில்லை. மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய தடித்த இழைகளில் துடிப்பு உறைகளுக்கு இடையிலுள்ள கணுவிலிருந்து கணுவுக்குத் தாவிப் போகும். அதிகபட்சம் நொடிக்கு 120 மீட்டர். உறையில்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து போகும்.

இரண்டு வலியின் ரகசியம் இதுதான். சுருக்கென்ற வலியைக் கொண்டுவருவது மெல்லிய உறையுள்ள இழைகள். கடுகடுப்பைக் கொண்டுவருவது உறையில்லாதவை. பாதத்திலிருந்து வர ஒரு நொடிக்கு மேல் ஆகும். இடித்துக்கொண்ட இடத்தை உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடுவுணர்வு இழைகள் இவற்றைவிட வேகமானவை. அவை தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆத்தா தேய்த்துவிட்டால் வலி குறைவது வெறும் பாசத்தால் மட்டும் இல்லை.

இடைவெளி

என்னைக் கேட்டால் நரம்பு மண்டலத்தில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அது மூளையின் பாகங்கள் இல்லை, இந்த இடைவெளிதான்.

ஆக்சான் முடியும் இடத்தில் அடுத்த செல் பொதுவாக ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவே ஒரு சந்து, 20 முதல் 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் என்றால் அளவு புரியும். இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். மின்துடிப்பால் இதைத் தாண்ட முடியாது. துடிப்பு வந்து சேர்ந்ததும் ஆக்சான் நுனியில் உள்ள குட்டிப் பைகள் வெடித்து ஒரு ரசாயனத்தைக் கொட்டும். அது அந்த இடைவெளியைக் கடந்து, எதிர்ச் செல்லில் தனக்கென்று இருக்கும் ஏற்பியில் போய் உட்காரும். அங்கே மறுபடி மின்துடிப்பு கிளம்பும்.

1921-இல் ஓட்டோ லூவி என்ற விஞ்ஞானி இதை இரண்டு தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து, நரம்பு நீக்கிய இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் நிதானமாகிவிட்டது. மின்சாரம் திரவத்தில் ஒட்டிக்கொண்டு வராது; ஏதோ ஒரு பொருள் வந்திருக்கிறது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். நம் கைகால் தசைகளை இயக்குவதற்கும் நரம்புகள் இதைத்தான் கொட்டுகின்றன. தசை ஒருமுறை சுருங்கியதும் அங்கேயே காத்திருக்கும் ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்து, இடத்தைச் சுத்தமாக்கிவிடும்.

கொட்டுவது, உட்காருவது, சிதைப்பது. மூன்று வேலை. மூன்றில் எது தடைபட்டாலும் உயிருக்கு ஆபத்து. டெல்டாக்காரர்களுக்கு இந்த மூன்று தடைகளுமே அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டவை.

கட்டுவிரியன் விஷம் முதல் வேலையில் கைவைக்கிறது. இரவில், பெரும்பாலும் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. விஷம் ஆக்சான் நுனியையே பழுதாக்கி, பைகள் கொட்டாமல் செய்துவிடும். விடியற்காலை வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், அப்புறம் மூச்சுத் தசைகளும் நின்றுபோகும். நல்லபாம்பு விஷம் இரண்டாவது வேலையைக் கெடுக்கிறது. நுனி சரியாகக் கொட்டும், ஆனால் ஏற்பியில் விஷம் முந்தி உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரியான முடக்கம்தான், ஆனால் கெட்ட இடம் வேறு. நுனி பழுதானால் அது மறுபடி வளரவேண்டும், நாள்கணக்கில் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். கயிறு கட்டுவது, கீறிவிடுவது, மந்திரிப்பது எதுவும் சினாப்ஸுக்கு எட்டாது. கடிபட்ட கைகாலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போவது ஒன்றுதான் வழி.

மூன்றாவது வேலையைக் கெடுப்பது நாம் கடையில் வாங்கும் பொருள். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் அந்தச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். பூச்சி சாவது இதனால்தான். மருந்து அடிப்பவர் மயங்கி விழுவதும் இதனால்தான், நொதி இருவருக்கும் பொது. அசிட்டைல்கோலின் தேங்கிக்கொண்டே போகும். வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வடியும், வியர்த்துக் கொட்டும், வாந்தி, பேதி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடிதுடிக்கும். தோல் வழியாகவும் ஏறும் என்பதால் நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே போடும் அட்ரோபின், அசிட்டைல்கோலின் போய் உட்காரும் ஏற்பிகளில் ஒரு வகையை மறித்து, நெஞ்சில் தேங்கும் நீரைக் குறைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கோணம் உண்டு. நல்லபாம்புக் கடிக்கு விஷமுறிவோடு சேர்த்து நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் போடுவார்கள். அது செய்வது என்ன? பூச்சிமருந்து முடக்கும் அதே நொதியை, கொஞ்ச நேரத்துக்கு மட்டும், அளவாக முடக்குவது! அசிட்டைல்கோலின் கூடினால் விஷத்தோடு போட்டிபோட்டு ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு.

நிறுத்து என்பதும் ஒரு செய்தி

இப்போது முள்ளுக்கு வருவோம். பாதத்திலிருந்து கிளம்பிய துடிப்பு தண்டுவடத்தை அடைகிறது. அங்கே இடைநியூரான்கள் வழியாக இயக்க நியூரான்களுக்குப் போகிறது. அவை தொடையின் பின்தசைக்குச் 'சுருங்கு' என்கின்றன, கால் எழும்புகிறது. மூளையைக் கேட்கவில்லை. இதுதான் அனிச்சைச் செயல். அதே நேரத்தில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் நடக்கின்றன. காலை நீட்டும் முன்தசைக்கு 'சும்மா இரு' என்ற உத்தரவு. இல்லையென்றால் இரண்டு தசையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கால் அப்படியே நிற்கும். மறுகாலுக்கு 'விறைத்து நில்' என்ற உத்தரவு. இல்லையென்றால் வரப்பிலிருந்து சேற்றில் விழவேண்டியதுதான்.

'சும்மா இரு' என்று சொல்லும் நியூரான்கள் எவ்வளவு முக்கியம் என்பது ரணஜன்னியில் (டெட்டனஸ்) தெரியும். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி முள் குத்திய ஆழத்தில் வளர்ந்து விஷத்தைச் சுரக்கும். அந்த விஷம் ஆக்சான் வழியே பின்னோக்கி ஏறித் தண்டுவடம் போய், அடக்கும் நியூரான்கள் தங்கள் ரசாயனத்தைக் கொட்டாமல் செய்துவிடும். பிறகு எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும். துருப்பிடித்த ஆணியைவிட வயல் மண் இதற்குக் குறைந்ததில்லை. டிடி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தண்டுவடம் தன் வேலையை முடித்துவிட்டு மேலேயும் தகவல் அனுப்புகிறது. வழியில் வலிச் செய்தி பக்கம் மாறுகிறது: வலதுகால் முள் இடது பெருமூளைக்குத் தெரியவரும். அப்போதுதான் "ஆ". எங்கே குத்தியது, முறிந்து உள்ளே நிற்கிறதா, உட்கார்ந்து எடுப்பதா என்பதெல்லாம் பெருமூளையின் வேலை. தலையில் நாற்றுக்கட்டோடு வழுக்கும் வரப்பில் சாயாமல் நடப்பதைப் பார்த்துக்கொள்வது பின்னால் கீழே இருக்கும் சிறுமூளை. அளவில் சிறிது, ஆனால் மூளையின் நியூரான்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான். மூச்சையும் இதயத்தையும் கவனிப்பது முகுளம். தஞ்சாவூர்ப் பக்கம் தவில் கற்கும் பையன் ஒரு சொல்லைக் கையில் ஏறும்வரை சாதகம் செய்கிறான் என்றால், ஏறுவது கையில் இல்லை. திரும்பத் திரும்பப் பயன்பட்ட சினாப்ஸுகள் பலப்படுகின்றன, பயன்படாதவை தளர்கின்றன.

பக்கம் மாறுவது இயக்கத்துக்கும் உண்டு. பக்கவாதத்தில் இடது மூளையில் இரத்தம் தடைபட்டால் வலது கைகால் விழும். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லையென்றால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று நேரத்தை விடாமல் 108-ஐ அழையுங்கள். அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இன்னொரு கூட்டம் நம்மைக் கேட்காமலே நடப்பது, தானியங்கு நரம்பு மண்டலம். வைக்கோல் போருக்கடியில் பாம்பைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், உள்ளங்கை வியர்க்கும். அது பரிவு நரம்புகள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் இதயம் நிதானித்து, குடல் சுறுசுறுப்பாகும். அது எதிர்ப்பரிவு நரம்புகள். குடல் சுவரிலேயே பத்துக் கோடிக்கும் மேல் நியூரான்கள் இருக்கின்றன, பாதி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, அறுந்தால் என்ன ஆகும்? கருக்கரிவாள் மணிக்கட்டில் பட்டு நரம்பு அறுந்தால், தைத்துவிட்ட பிறகு ஆக்சான் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளர்ந்து வரும். விரல்நுனிவரை உணர்வு திரும்ப ஆறு மாதம்போல ஆகலாம்; நடுவில் ஊசி குத்துவதும் கூசுவதும் நல்ல அறிகுறிதான். தண்டுவடத்திலும் மூளையிலும் ஆக்சான்கள் இப்படி வளர்வதில்லை. அங்கே சுற்றியுள்ள சூழலே வளர்ச்சியைத் தடுக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக எழும்புகிறதென்றால், செத்த நியூரான்கள் பிழைத்து வந்ததால் இல்லை, மிச்சமிருப்பவை புதிய சினாப்ஸுகள் போட்டு அந்த வேலையைக் கற்றுக்கொண்டதால். பிசியோதெரபியில் ஒரே அசைவைச் சலிக்கச் சலிக்கச் செய்யச் சொல்வது அதற்காகத்தான், முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும் என்பதால் ஆரம்பிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.